இடது கால்

கோரிமேட்டு ஜிப்மரில்
முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை.
எடுத்ததை எங்கே கொண்டுபோவீர்கள் என்றேன்;
கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
மீதி எதுவாரை
இரண்டு வருஷம் கழித்து
உப்பளம் கல்லறையில் வைத்தோம்.

பாஸ்கா இரவு.
மெழுகு விரலில் சொட்டுகிறது.
"உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறீர்களா?"
சாமியார் கேட்க, கோயிலே விசுவசிக்கிறது.
நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்:

ஊரின் அந்தக் கோடியிலிருந்து
ஒற்றைக் கால்,
ராஜா தியேட்டர் சிக்னல் தாண்டி,
யாரிடமும் வழி கேட்காமல்
உப்பளம் வந்து சேருமா?

ஆண்டவரே ஆணித்தழும்போடுதான் எழுந்தார்.
இவரும் கட்டைக்காலோடு எழட்டும்,
எனக்கு ஆட்சேபம் இல்லை.
பழையபடி
என் தோளைப் பிடித்துக்கொண்டால் போச்சு.

விசுவசிக்கிறேன்.

வீட்டில் அவருடைய வலது செருப்பு
குதிகால் தேய்ந்து கிடக்கிறது.
இடது, கடை ஸ்டிக்கர்கூடப் போகாமல்.
வாசலில்தான் விட்டிருக்கிறேன்
இரண்டையும்.