வாடை

ஆல்பேட்டை பங்க்கில்
குழாயைக் கையில் எடுக்குமுன்
ரெஜினா சொல்வது ஒரே சொல்:
"இறங்குங்க."
தாலி கட்டப் போன மாப்பிள்ளையை இறக்கியிருக்கிறாள்.
முழங்கால் ஆபரேஷன் ஆனவரை
நாற்காலி போட்டு இறக்கியிருக்கிறாள்.
துறைமுகத்து மீன்காரம்மா
"கூடையும் இறங்கணுமா?" என்றதற்கு
"கூடை மூச்சு விடுமா?" என்றாள், சிரிக்காமல்.

வண்டி அணையும், செல்போன் அணையும்.
உருளையின் தகட்டில்
அடுத்த சோதனை என்றைக்கு என்று பார்ப்பாள்.
பிறகு ஒரு சீறல்.
எண்கள் ஓடி நிற்கும்: மூன்று கிலோ எண்ணூறு.
காற்றை எடைபோட்டு வாங்குகிறேன் என்று
முதல் மாதம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.
என் சீட்டுக்கடியில் அது எப்படி அடைந்து கிடக்கிறதென்பது
தைப்பூசத்தன்று வடலூர் பஸ்ஸில்
ஏறியவர்களுக்குப் புரியும்.

கசிந்தால் தெரியட்டுமென்று
அதில் ஒரு நாற்றம் கலக்கிறார்கள்,
அழுகின முட்டை மாதிரி.
நல்ல யோசனைதான்.
ஆனால் நான் குடிகாட்டில் பிறந்தவன்.

சிப்காட் சுவரோரம்
அழுகின முட்டை எங்களுக்குத் திங்கட்கிழமை.
செவ்வாய் மருந்துக்கடை.
சில ராத்திரிகளில் நெயில் பாலிஷ்.
முதுநகருக்குக் குடிவந்த பிறகும்
பின்னாலேயே வந்தது.
தென்றல் அடித்தால்
ஜன்னலைச் சாத்துகிற தெரு எங்களுடையது.

மார்கழியில் ஒரு ராத்திரி
பாலாம்பிகை எழுந்து உட்கார்ந்தாள்.
"நாறுது."
"சிப்காட்" என்றேன், கண் திறக்காமல்.
பதினோரு வருஷமாக
அந்த ஒரு பதிலின் மேல்தான் தூங்கியிருக்கிறோம்.

அவள் விருத்தாசலத்துக்காரி,
சூளைப் புகையில் வளர்ந்த மூக்கு.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.
"காத்து வடக்கேருந்து வருது.
உன் சிப்காட் தெக்கால இல்ல இருக்கு?"

வாடை.
காற்றுக்கும் அதுதான் பெயர்,
நாற்றத்துக்கும் அதுதான்.
ஒன்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.
இன்னொன்று
எங்கள் கொட்டகையிலிருந்து.

சுவிட்சைத் தேடிப் போன கையைப்
பாதியில் இழுத்துக்கொண்டேன்.
சாவியைத் தொடவில்லை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய்.
வழி விட்டால் தானாக மேலே போய்விடுகிற லேசான வாயு.
சிறை வைத்தவன் நான்.

தார்ப்பாயை அவிழ்த்து, நியூட்ரலில் போட்டு,
அவள் பின்னாலிருந்து தள்ள
வெட்டவெளிக்கு, தெருவிளக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுபோனோம்.
பீடியோடு எட்டிப்பார்த்த ஜமாலுதீனை
"அங்கயே நில்லு!" என்றாள்.
ரெஜினாவை அவள் பார்த்ததே இல்லை.
குரல் அதே குரல்.

சொம்பு தண்ணீர், ஒரு ரூபாய் ஷாம்பு.
வால்வின் கழுத்தில் நுரையைத் தடவினேன்.
ஒன்றுமில்லை.
அப்புறம் கடுகளவு.
அப்புறம் பட்டாணி.
தெருவிளக்கு முழுதாக அதற்குள் தெரிந்தது.
உடைந்தது.
இன்னொன்று.

வால்வை இறுகும் மட்டும் திருகி மூடினேன்.
குந்தியபடி காத்திருந்தோம்.
குமிழி வரவில்லை.
அவள் சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டேன்,
திட்டவில்லை.

காலையில் மெக்கானிக்
ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினார்.
குழந்தையின் விரலுக்குக்கூடப் பற்றாது.
விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போதெல்லாம்
"நாறுது" என்று அவள் எழுந்தால்
நானும் எழுந்து சொம்பைத் தேடுகிறேன்.
நுரை தடவி, குமிழி இல்லை என்று பார்த்து,
"நம்ம வண்டி இல்ல, சிப்காட்தான்" என்கிறேன்
ஏதோ நல்ல செய்தி போல.

"அதுக்கு வால்வு எங்க இருக்கு?"
என்று கேட்கிறாள் பாலாம்பிகை.

நான் ஜன்னலைச் சாத்துகிறேன்.