கிளேர்வுட்டுக்கு அப்புறம்

வெந்நீரில் இளகிய வலையொன்றை
என் முகத்தின்மேல் இழுத்து அழுத்தினார்கள்.
ஆறும்வரை அசையக் கூடாது.
மூக்கு, தாடை,
சாட்ஸ்வர்த் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம்
"உள்ளே தள்ளிப் போ" என்று கத்திய தொண்டை
எல்லாம் அச்சாகப் பதிந்தது.
அதன்பின் தினமும் காலையில்
அதை மாட்டி, மேசையோடு நான்கு இடத்தில் பூட்டி
வெளியே போய்விடுவார்கள்.
வங்கிப் பெட்டகத்துக்கு இருப்பது போன்ற கதவு.
உள்ளே நானும் எந்திரமும்.

முதல் நாள் மூச்சு முட்டிற்று.
கையைத் தூக்கினேன், நிறுத்தினார்கள்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் போங்கெகிலே என் கோப்பைப் புரட்டினாள்.
"பஸ் ஓட்டுநரா? எந்த ரூட், பாபா?"
குரல் வராது எனக்கு. அவள் பேனாவையே வாங்கி
எழுதிக் கொடுத்தேன்,
இது எதற்கு இவளுக்கு என்று நினைத்தபடி.

மறுநாள் கூரையிலிருந்து அவள் குரல்:
"அரீனா பார்க். ஏறுகிறவர்கள் ஏறலாம்."
எந்திரம் முனகிக்கொண்டு தலையைச் சுற்றத் தொடங்கியது.
"மான்ட்ஃபோர்ட்."
"வெஸ்ட்கிளிஃப்."
எச்சில் விழுங்க முடியாமல் தவிக்கையில் "பேவியூ."
பாதி வழி வந்துவிட்டது என்று அர்த்தம்.
"கிளேர்வுட். அப்புறம் மொபேனி ஹைட்ஸ்" என்றாள்.
அப்படிப் போக வேண்டுமானால்
வண்டியைப் பின்னுக்குத்தான் ஓட்ட வேண்டும்.
என் கையெழுத்து நடுங்கியிருக்கும்.
வலைக்குள் சிரிக்க வழியில்லை, வயிறு குலுங்கியது.
"டிரைவர், ஆடாமல் உட்காரு!"
"உம்பிலோ."
"விக்டோரியா மார்க்கெட். எல்லாரும் இறங்குங்க."

கட்டி எத்தனை மில்லிமீட்டர் என்று
டாக்டர் சொல்வார். நல்ல மனிதர்.
நான் எந்த ஸ்டாப்பில் இருக்கிறேன் என்று
சொன்னவள் இவள் ஒருத்தி.

பதினெட்டாம் நாள் மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் எழ எத்தனை நொடியோ,
முகம் பூட்டிக் கிடக்கிறவனுக்கு அது ஒரு ராத்திரி.
கதவைத் தள்ளிக்கொண்டு காலணிச் சத்தம்.
நான்கு பூட்டும் கழன்றன.
வியர்த்த கையொன்று என் கையைத் தேடிப் பிடித்தது.
"பிரேக்டவுன், பாபா. உம்பிலோவில் நிற்கிறோம்."
அவள் குரலும் நடுங்கியது.
ஏனோ அதைக் கேட்டபின் என் நடுக்கம் நின்றது.

முப்பத்து மூன்றாம் நாள், கடைசி.
அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம்.
கிரீசன் என்றொரு பையன் பூட்டிவிட்டான்,
ஃபீனிக்ஸ்காரன், சாட்ஸ்வர்த் பக்கமே போனதில்லையாம்.
இன்று ஊர் பேர் இல்லாமல் போவோம் என்று
கண்ணை மூடிக்கொண்டேன்.

"அரீனா பார்க்," என்றது கூரை,
பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கிற குரலில்.

போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.
மைக்குக் கீழே ஒட்டியிருந்தது ஒரு தாள்,
அவள் கையெழுத்து, சிவப்பு மை.
கிளேர்வுட்.
அப்புறம் மொபேனி ஹைட்ஸ்.

பேனா பக்கத்திலேயே கிடந்தது.
எடுக்கவில்லை.