மதிப்பீட்டுப் படிவம், இரண்டாம் பக்கம்

கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதியில் இறங்கும் ஓர் ஒழுங்கை.
காலை ஏழரைக்கு லீசிங் கம்பனி அனுப்பி வந்திருக்கிறேன்,
ஒரு பைக்குக்கு விலை சொல்ல.

இயந்திரம்: நாலு சிலிண்டர், ஆயிரத்து முந்நூறு சிசி.
செயின் கிடையாது, தண்டுதான் பின்சில்லைச் சுழற்றும்.
கசிவு இல்லை.
எடை இருநூற்று எழுபது கிலோ.
"என்னைப் போல நாலு பேர்" என்கிறார்
சொந்தக்காரர் நிக்சன் குரூஸ்.

காற்றுத்தடுப்புக் கண்ணாடி பொத்தானை அழுத்தினால் எழும்பும்.
அழுத்திக் காட்டினார்.
எழும்பியது.
ஒழுங்கைக்குள் காற்றே இல்லை.

பக்கப் பெட்டிகள் இரண்டு, பூட்டு வேலை செய்கிறது.
இடப்பக்கம் முக்கால் அங்குல வால்வு ஒரு டசின்,
பழைய சோனகத் தெருக் கடையின் பில் புத்தகம்.
வலப்பக்கம் மழைக்கோட்டு, விலைச்சீட்டு கழற்றாமல்.

டாங்க் இருபத்தாறு லீற்றர்.
நிரப்பினால் பருத்தித்துறை வரைக்கும்
எங்கேயும் நிற்கத் தேவையில்லையாம்.
"போனீங்களா?"
"ஆமர் வீதிச் சந்திக்குப் போறன், ஒவ்வொரு நாளும்.
சிவப்பு விளக்கில நிண்டால் தொடை அவியும்."

அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிள் ஏறக்கூடாது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கிளச்: தேய்மானம் அதிகம்.
ரயர்: நடுவில் மட்டும் மொட்டை.
ஓரங்களில் கடையில் வந்த ரப்பர் மயிர் அப்படியே,
ஒரு வளைவிலும் சாயாத ரயர்.

கியர்: ஆறு.
"ஆறாவதைப் புதுசு எண்டு எழுதுங்கோ."
சிரிக்காமல்தான் சொன்னார்.
"நாலுக்கு மேல நான் போட்டதில்லை."

பார்க்காததை எழுத எனக்கு அதிகாரமில்லை.
மூச்சைப் பிடித்து இருவருமாய்
நடு ஸ்டாண்டில் ஏற்றினோம்.

ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு.
மேல்மாடியில் யாரோ சன்னலைத் திறந்து திட்டினார்கள்.
ஐந்து. நிக்சன் குரூஸ் பின்கம்பியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்,
கட்டறுக்கப் பார்க்கும் மாட்டைப் பிடிப்பதுபோல்.
ஆறு.

சுவரில் மாதா கலண்டர் படபடத்து
மார்ச்சிலிருந்து ஒக்டோபருக்குப் போனது.
முன்சில்லு சும்மா நிற்கப் பின்சில்லு பறந்ததில்
ஏபிஎஸ் குழம்பி மஞ்சள் விளக்கைக் காட்டியது.
மீற்றரில் நூற்றுப் பத்து.
ஒரு நிமிஷம் அப்படியே போனோம்.

அணைத்த பிறகு எழுதினேன்: ஆறும் நல்ல நிலை.
ஓடிய தூரம் என்ற இடத்தில் முதலே எழுதியிருந்த
9,318ஐ வெட்டி 9,320 என்று திருத்தி,
வெட்டியதற்குப் பக்கத்தில்
இருவரும் கையொப்பம் வைத்தோம்.