முடிச்சு

ராயக்கோட்டை ரோட்டில்
மூடிப்போன மாங்கூழ் கம்பெனிக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை. ரெஹானாவின் உலை.
மே மாதம் அதன் பக்கத்தில் நின்று வந்தால்
கிருஷ்ணகிரி வெயில் நிழலாகத் தெரியும்.

நான் பெட்டி கட்டுகிறவன்.
பன்னிரண்டு சீசன்
செந்தூராவுக்கும் பெங்களூராவுக்கும் வைக்கோல் பரப்பியவன்.
மாங்காய்க்கு மூச்சுவிட இடம் வேண்டும்,
கண்ணாடிக்கு அசைய இடம் கூடாது.
எனக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான்.

முதல் பெட்டி ஓசூருக்கு,
பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு ஒரு நீல மீன்.
கிரானைட் முதலாளி விநாயகர் கேட்டார்.
செய்தாள். கரண்ட் பில் கட்டினாள்.
பிறகு யாரும் கேட்காததைச் செய்ய ஆரம்பித்தாள்:
அணையின் மதகு திறந்ததும்
விழப்போகிற தண்ணீர்,
விழுவதற்கு ஒரு நொடி முன்னால்.

எண்பத்திரண்டு கிலோ.
உருக்கி வார்க்க ஒரு பகல்,
ஆறப் பத்தொன்பது நாள்.
அதுவரை உலைக் கதவைத் தொட விடமாட்டாள்.
"அவசரப்பட்டா உள்ளுக்குள்ள விரிசல் நிக்கும், மாதேஷ்.
வெளியே தெரியாது.
ஒருநாள் யாரும் தொடாமலே வெடிக்கும்."
ஒன்பதாம் நாள் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
இரண்டாவதை வார்க்கக் காசு சேர்க்க
இன்னும் ஏழு விநாயகர்.

அந்த இரண்டாவதுதான் டெல்லிக்குப் போனது.
நாலு மாதம் கழித்துத் திரும்பியது.
சென்னப்பனும் நானும் லாரியிலிருந்து இறக்கினோம்.
கயிற்றில்
இடப்பக்கம் சுருக்கி, வாலை உள்ளே செருகிய
என்னுடைய முடிச்சு.
அப்படியே இருந்தது.

மீட்டர் தகராறுக்காக அவள் ஈபி ஆபீசில் இருந்தாள்.
நான் கயிற்றை அவிழ்த்தேன்.
ஆணிகளைப் பிடுங்கி, வைக்கோலைக் கலைத்தேன்,
பத்துப் பேர் எடுத்துப் பார்த்த மாதிரி.
பிறகு வேறொரு முடிச்சு,
கோணலாக, சம்பளம் வாங்காத ஆள் போடுவது போல.
சென்னப்பன் பீடி பற்றவைத்து
ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

அவள் வந்தாள். குனிந்தாள்.
கயிற்றை விரலால் ஒருமுறை தடவினாள்.
"ரெண்டு பேரும் டீ குடிச்சீங்களா?"

அதே தண்ணீர் மறு வருஷம் கொச்சிக்குப் போனது.
எதிரே ஜனம் நின்றதாம்.
ஒரு சின்னப் பையன் நனையாமலிருக்க
சட்டையைத் தூக்கிப் பிடித்தானாம்.
இப்போது பெட்டிகள் கப்பலில் போகின்றன.
விநாயகர் இல்லை. கரண்ட் பில் இருக்கிறது.

நேற்று ஒரு பெட்டி.
உள்ளே என்னவென்று எனக்கே புரியவில்லை,
எடை மட்டும் தெரியும்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"இந்தத் தடவை
சுலபமா அவுக்கற முடிச்சாப் போடுங்க, மாதேஷ்.
சும்மா திரும்பினா
உங்களுக்குத்தானே ரெட்டை வேலை."

வாலை வெளியே தொங்கவிட்டேன்.