வாரத்துக்கு ஒரு சொல்

திங்கள்கிழமை காலை ஒரு சொல் வரும்.
குளச்சல் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதும் ஜெரோம் அனுப்புவார்.
"வட்டம்" என்பார். அவ்வளவுதான்.
ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் எட்டு பேரும்
ஆளுக்கொரு படம் எடுத்தாக வேண்டும்.
புதிதாக எதையும் வாங்கக் கூடாது.
வீட்டில் கிடப்பதுதான் படத்தில் கிடக்க வேண்டும்.

தக்கலையில் மருந்துக்கடை பில் போடும் எனக்கு
பிறகு வாரமெல்லாம் மாத்திரையும் வட்டம்,
சில்லறையும் வட்டம்,
கொட்டாவி விடும் பிள்ளையின் வாயும் வட்டம்.
கடைசியில் அரிப்பை எடுத்தேன்.
வெயிலில் பிடித்தால்
முற்றத்தில் ஆயிரம் பொட்டு விழுந்தது.

"என் அரிப்ப யாரு எடுத்தா?"
பென்சி கேட்டது என்னையல்ல,
பூனையை.

பென்சி என் நாத்தனார்.
எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு மாதம்.
காரணம் மூன்று சென்ட்,
அதில் நிற்கும் ஒரு அயினி மரம்.
சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொல்லிவிடுவோம்.
அதற்கு எங்கள் பத்திர நம்பர் வரைக்கும் தெரியும்.

"மஞ்சள்" வந்த வாரம் மழை.
வேளிமலையையே காணோம்.
சன்னல் படியில் ஒரு மட்டிப்பழம்,
அதன்மேல் சாய்த்து ஒரு கரண்டி.
பத்து முறை எடுத்தும்
பழம் புளியாகத்தான் வந்தது.
பதினோராவது முறை
பழத்தின் இடது கன்னம் சட்டென்று விடிந்தது.
திரும்பினேன்.
வெளுத்த வேட்டியை இரு கையாலும் விரித்து
பென்சி நின்றாள்,
சிலுவைப் பாதையில் துணி நீட்டிய பெண்ணைப்போல.
முகம் மட்டும் வேறு பக்கம்.

நான் எடுத்தேன். அவள் மடித்தாள்.

அதன்பின் சனிக்கிழமை ஐந்து மணி ஆனால்
கொடியிலிருந்து வேட்டி இறங்கிவிடும்.
"பழையது", "இரண்டு", "உப்பு", "கழுத்து".
"கொஞ்சம் மேல" என்பேன் பூனையிடம்.
வேட்டி மேலே போகும்.

சென்ற வாரச் சொல்: "கண்ணில் படாதது."
கருங்கல் பல் டாக்டர் உப்பு கரைந்த தண்ணீரை அனுப்பிவிட்டார்.
எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
ஞாயிறு எட்டரைக்கு
பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தவள்
கரண்டியின் குழியைச் சும்மா பெரிதாக்கினேன்.
உள்ளே தலைகீழாக ஒருத்தி.
வெள்ளையாய் ஒரு கட்டம், இரண்டு முழங்கை,
கடுகளவு தலை.
புட்டுக்குழலின் வயிற்றில் நெட்டையாக நின்றாள்.
டம்ளரில் நின்றாள். டார்ச்சின் கழுத்தில் நின்றாள்.
பதினாலு படத்தில் பென்சி.
குக்கர் மூடியில் மட்டும் முகம் தெளிவு.
அது வேறு பக்கம் திரும்பியிருக்கவில்லை.
என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கரண்டிக்குழியை மட்டும் வெட்டி அனுப்பினேன்.
இரண்டு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது.
"ஃபோகஸ் இல்லை" என்றார் ஜெரோம். சரிதான்.
படத்தை மூடாமல்
போனை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.
வந்து பார்த்தால் போன் கவிழ்ந்து கிடந்தது.

இன்றைக்கு வந்த சொல் "சத்தம்".
சத்தத்தை எங்கே வைத்து எடுப்பது?
யோசனையில் ஒருவருக்கு
சர்க்கரை மாத்திரைக்குப் பதில் இருமல் மருந்துக்கு பில் போட்டேன்.
வீடு வந்தால்
அடுப்படித் தரையில் கவிழ்த்த சருவம்,
சருவத்தின் மேல் தட்டு,
தட்டில் ஒரு பிடி கடுகு.
பென்சி கையில் தோசைத் திருப்பி.
ஓங்கி ஒரு அடி.
கடுகெல்லாம் எழுந்து நின்றது.

"பாத்துக்கிட்டு நிக்கிய? எடு."

பூனை அப்போது பக்கத்து வீட்டு மதில்மேல் இருந்தது.

படம் கலங்கிவிட்டது.
பாதிக் கடுகு பிரிட்ஜுக்கு அடியில்.
மிச்சம் அவள் டப்பாவில் இருக்கிறது.
கேட்க வேண்டும்.