மூன்றாம் வார்டின் முகம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்த நேரம்
போனை நீட்டினாள் செங்கமலவல்லி.
கல்யாண வீட்டு விளக்கில் வெளுத்துப்போன படம்.
"மூணாம் வார்டு. பதினாறு சுவர். விடியக்குள்ள வேணும்."

சார்ட் அட்டை, புது பிளேடு.
வெட்டி எடுப்பதெல்லாம் கறுப்பாகும்
விட்டு வைப்பது சுவராகவே இருக்கும்.
கூந்தல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.
கண்ணில்தான் சிக்கல்:
விழியின் வெள்ளை நட்டாற்றுத் திட்டு.
கரையோடு கட்டாவிட்டால் விழுந்துவிடும்.
இரண்டு தடவை விழுந்தது,
ஒன்று டீ கிளாஸுக்குள்.

மூன்றாவது அட்டையில்
இடக்கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே
நெல் அகலத்தில்
ஒரு பாலம் விட்டேன்.

கோரையாற்றங்கரைச் சுவரிலிருந்து
அட்டையை உரித்தபோது
பெயின்ட் இன்னும் ஈரம்.
மூக்கைப் பார்க்கவில்லை, சின்னத்தைப் பார்க்கவில்லை,
அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்தாள்.
பிறகு முந்தானையால்
தன் கன்னத்துப் பவுடரைத் துடைத்தாள்.
அதே இடம். அதே சாய்வு.

"படத்துல இது தெரியாதே."
"தெரியாதுங்க. அட்டை நிக்கணும்ல, அதுக்கு விட்டது."

கோட்டை அடைக்க
பிரஷைக் கறுப்பில் தோய்த்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்.
கிழிச்சவனுக்கும்
இதே வார்டுலதான் ஓட்டு."