இருபது கிராம்

இரவு பதினொன்றே கால்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டாங்கர்கள் பின்பக்கமாய் யார்டுக்குள் போகின்றன.
கொக்கி கொக்கியைக் கவ்வும் சத்தம்
மாடிவரை ஏறிவந்து டம்ளரை நடுக்குகிறது.
போனில் டெரன்ஸ்:
"முந்நூத்திப் பன்னெண்டு எரர், ஜெபா.
விடிஞ்சா ஏலம். தராசு இன்னும் செத்துப்போய் கீது."

முதல் எரரை மட்டும் படி என்கிறேன்.
மற்ற முந்நூற்றுப் பதினொன்றும்
பேசின் பிரிட்ஜில் ஒரு வண்டி நின்றால்
வியாசர்பாடி வரைக்கும் அடிப்பார்களே,
அந்த ஹாரன்.
முதல் வண்டியைத் தள்ளு.

தள்ளுகிறான். ஹெடரின் கடைசி வரியில்
ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஒன்றாகிறது.
இந்த ஒன்று கம்பைலரின் குரல் இல்லை, லிங்கருடையது.
எடை படிக்கிற ஃபங்ஷனுக்குப் பெயர் இருக்கிறதாம்,
ஆளைக் காணோமாம்.
"ஹெடர்ல பேரு கரெக்டா கீதே!"

டெரன்ஸ், உங்கள் தெருவில் லாரித் தண்ணிக்கு
விடியுமுன் குடம் வைத்து இடம் பிடிப்பார்கள்.
ஹெடரில் நீ எழுதியது குடம்.
பச்சைக் குடம், கழுத்தில் விரிசல், யாருடையது என்று
தெருவுக்கே தெரியும்.
கம்பைலர் குடத்தைப் பார்த்தே வழிவிடுவான்.
ஹோஸைக் கையில் பிடித்திருப்பவன் லிங்கர்.
குடத்துக்கு ஆள் வரணும் என்பான்.

ஆள், தராசுக் கம்பெனி தந்த லைப்ரரிக்குள்.
அதையும் சேர்த்துத்தான் இருக்கிறான், முன்னால்.
கேட்பவன் முன்னே, கொடுப்பவன் பின்னே.
யாரும் கேட்காத நேரத்தில் வந்த லாரி
தெருவைத் தாண்டிப் போய்விடும்.
மாற்றி வை என்றேன்.
கீழே யார்டில் ஒரு வேகனைக் கழற்றி
வரிசையின் கடைசியில் கோத்தார்கள்.
அந்த நேரம் பார்த்து. நான் என்ன செய்ய.

லேப்டாப்பில் ஓடியது.
தராசுக்குள் இருக்கும் குட்டி லினக்ஸ் போர்டில்
கம்பைல் செய்தால்
அப்படியொரு ஃபைலே இல்லை என்கிறது.
பெயரின் முதல் எழுத்து பெரியது.
இவன் கூப்பிட்டது சின்னதில்.

தமிழ் எழுத்துக்குப் பெரியது சின்னது கிடையாது.
அதனால் இப்படிச் சொன்னேன்:
விண்டோஸ் நம்ம ஏரியா பழக்கடை.
வாயப்பயம் என்றாலும் சீப்பில் பிய்த்துத் தரும்.
லினக்ஸ், நாக்கை மடித்துப் பழம் என்று சொல்லும்வரை
கடையில் பழமே இல்லை என்று சாதிக்கும்.
சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தரமணியில் என் முதல் இன்டர்வியூவில்
தமிழ் மீடியமா என்று கேட்டு
தமிழ் என்ற சொல்லை மூன்று தடவை சொல்ல வைத்தார்கள்.
அன்று சாயங்காலம் இதே டெரன்ஸ்தான்
சைக்கிளில் வந்து
என் உடைந்த பில்டோடு விடியவிடிய உட்கார்ந்தான்.
தரமணி பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று நாற்பது. தராசு கண் விழித்தது. பூஜ்யம்.
தன் போனையே அதன்மேல் வைத்தான் போல,
குரல் தூரமாய், கிணற்றுக்குள்ளிருந்து:
"ஏய், நூத்தித் தொண்ணூறு கிராம்!"
பக்கத்து வீட்டில் யாரோ திட்டுவது கேட்டது.

காலையில் காசிமேடு.
சங்கரா கூடையைத் தூக்கி வைக்கும் முன்
பாக்கியமேரி நிறுத்தினாள்.
ஐஸ் தண்ணீர் சொட்டும் கையால்
முத்திரை குத்திய இரும்புப் படிக்கல்லை எடுத்து
தராசின் நடுவில் வைத்தாள்.
ஒரு கிலோ, இருபது கிராம்.
"வாங்குறவ நானு. இருபது கிராம் யாரு ஊட்டுக்குப் போவுது?"

எரர் ஒன்றும் இல்லை.
வார்னிங்கூட இல்லை.
டெரன்ஸ் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன்.
லேப்டாப் வைக்க இடம் தேடினேன்.
ஒரு காலி நண்டுப் பெட்டியைக் காலால் தள்ளி, கவிழ்த்து,
உக்காரு என்றாள்.
கல்லை மட்டும் எடுக்கவில்லை.